ஏழாம் எண் திருக்கையின் வால்

கார்டன் ரீச், கல்கத்தா
1 ஜூலை 1912

ஜலஜாவுக்கு,

ஏழாம் எண் திருக்கையின் வாலில் முள் இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் கடலுயிர்க் கழகத்தின் செயலர் வாரம் ஒருமுறை கேட்கிறார். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

சந்தானம் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உனக்குக் கணவன், எனக்குத் தம்பி. அவன் விட்டுப்போன கட்டுரையைக் கழகம் அச்சிட ஒப்புக்கொண்டது உனக்குத் தெரியும். வங்கக் கடலில் எத்தனை வகைக் கழுகுத் திருக்கைகள் உண்டு, எந்தக் கரையில் எது கிடைக்கிறது என்பதே அதன் பொருள். (புத்தகம் கழுகு என்கிறது. உங்கள் பாம்பன்காரர்கள் குருவி என்கிறார்கள். மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்.) கட்டுரையின் கடைசியில் ஓர் அட்டவணை. பல், முள், கிடைத்த கரை, பார்த்தவர் என்று நான்கு கட்டங்கள். முதல் ஆறு எண்களில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏழாவதில்தான் எல்லாம் நிற்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திருக்கைகளில் பல் ஏழு வரிசையாக இருப்பவை ஒரு கூட்டம். அவற்றில் முள் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. முள் இல்லாதவற்றை அமெரிக்காவில் ஒருவர் நான்கு வருஷத்துக்கு முன் தனியாகப் பிரித்துவிட்டார். பல் ஒற்றை வரிசையாக இருப்பவை இன்னொரு கூட்டம். அவற்றுக்கு வாலடியில் முள் இருந்தே தீர வேண்டும் என்பது புத்தகம். உன் ஏழாம் எண்ணுக்குப் பல் ஒற்றை வரிசை. நீ வரைந்த படத்தில் முள் இல்லை. கழகத்து ஜாடியில் இருக்கும் மீனுக்கோ வாலே இல்லை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வெட்டப்பட்டிருக்கிறது.

முள்ளுக்குப் பயந்து மீனவர்கள் முதலில் வாலைத்தான் வெட்டுவார்கள் என்று கேள்வி. உன் கைக்கு வந்தபோது மீன் எப்படி இருந்தது? ஒருவேளை இல்லாத வாலை நீ ஊகித்து வரைந்திருக்கலாம். அது பெரிய குற்றமில்லை. செப்டம்பர் 13ஆம் தேதி குழு கூடுகிறது. அதற்குள் தெளிவாகாவிட்டால், ஏழாம் எண்ணை நீக்கிவிட்டு, 'பார்த்தவரின் பிழை' என்று அடிக்குறிப்பு போடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜலக்ஷ்மி


பாம்பன்
9 ஜூலை 1912

அக்காவுக்கு ஜலஜா அநேக நமஸ்காரம்.

எனக்குத் துணையாக இங்கே வந்திருக்கும் என் அப்பா உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்ட வந்தார். நானே வாசித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நல்லதாயிற்று. 'பார்த்தவரின் பிழை' என்பதை அவர் வாயால் கேட்க நேர்ந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். அட்டவணையில் ஏழாவதில் மட்டும்தான் பார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. ஆகவே பிழை செய்தவள் நான்தான் என்று உலகத்துக்கே தெரியும்.

நான் எதையும் ஊகிக்கவில்லை. 1910 மாசி மாதம், காலை ஏழு மணி இருக்கும். சவேரிமுத்து வலையிலிருந்து அதை மணலில் போட்டார். உயிர் இருந்தது. உங்கள் தம்பி ஓடிப்போய், "வெட்டாதீங்கோ, வெட்டாதீங்கோ!" என்று கத்தினார். சவேரிமுத்து சிரித்துவிட்டார்.

"எதைச் சாமி வெட்ட? முள்ளு இருந்தாத்தானே! நாப்பது வருசமா வலை போடுறேன், முள்ளில்லாத குருவிய ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். கைய வையுங்க, ஒண்ணும் செய்யாது."

இவர் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ தடவிப் பாரு ஜலஜா. வரையப்போறது நீதானே?" என்றார். கரையில் ஐம்பது பேர் பார்க்க, துடுப்பிலிருந்து வால் நுனி வரை விரலை வைத்துத் தடவினேன். ஈரத் துணியைத் தடவுவதுபோல் இருந்தது. மேடு இல்லை, குழி இல்லை, புண் இல்லை. பிறகுதான் வரைந்தேன்.

அனுப்பும்போது வாலை மூன்று சுற்றாகச் சுற்றி வாழைநாரால் கட்டித் தகரப்பெட்டிக்குள் வைத்தது நான். மண்டபம் வரை படகில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதும் நான். பாம்பனிலிருந்து வாலோடுதான் போயிற்று. உங்கள் ஊரில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

மற்ற ஆறு படங்களும் உங்களுடையவை, அக்கா. இந்த ஒன்றையாவது விட்டுவிடுங்கள்.

ஜலஜா


கார்டன் ரீச்
18 ஜூலை 1912

ஜலஜாவுக்கு,

உன் கடிதத்தில் கோபம் இருக்கிறது. சான்று இல்லை. விரல் தடவியது சான்று ஆகாது. சவேரிமுத்துவின் நாற்பது வருஷமும் ஆகாது. ஈர மீனில், காலை வெளிச்சத்தில், ஐம்பது பேர் நடுவில் பார்த்ததை இரண்டு வருஷம் கழித்து நினைவிலிருந்து சொல்கிறாய். நானாக இருந்தால் என் நினைவையே நம்ப மாட்டேன்.

நேற்று நம் படித்துறைக்குப் போனேன். ஆற்று முகத்துவாரத்திலிருந்து வரும் படகுகள் சில நாள் இங்கே நிற்கும். சங்கர் மாச் என்று இவர்கள் சொல்லும் திருக்கைகள் பதினொன்று கிடந்தன. ஒன்றுக்கும் முள் இல்லை. முள் இல்லாத இனமா? இல்லை. படகிலேயே அரிவாளால் சீவிவிடுகிறார்கள். படகுக்காரர், "முதலில் முள், பிறகுதான் மீன், மா. மாற்றிச் செய்தால் மூன்று நாள் காய்ச்சல்," என்றார். சீவிய இடத்தில் ஒரு குழி தெரிகிறது. உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டால் அவசரமாகப் பார்ப்பவருக்கு அதுவும் தெரியாது. இதை உன்னைக் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு பௌதி என் பின்னாலேயே வந்திருந்தாள். "பதினொரு மீனையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுகூட வாங்காமல் போகிறீர்களே, திதி! மீனுக்கே அவமானம்!" என்றாள். (இங்கே பௌதி என்றால் அண்ணி, திதி என்றால் அக்கா.) எங்களவர் வைத்தீஸ்வரனோ, தமக்கு உள்ள ஒரே நகைச்சுவையைப் பயன்படுத்தினார். "பல்லும் முள்ளும் மீனுக்கு. கடிச்சுக்கறதும் குத்திக்கறதும் மட்டும் நீங்க ரெண்டு பேரா?" தலைநகர் மாறியதிலிருந்து அவருடைய ரயில்வே ஆபீசில் பாதிப் பேருக்கு டில்லி போகும் சிநேகிதர்களை வழியனுப்புவதே வேலையாக இருக்கிறது. அவருக்குப் பேச நேரம் இருக்கிறது.

என் யோசனை இது. ஏழாம் எண்ணையும் படத்தையும் நாமே எடுத்துவிடுவோம். அடிக்குறிப்பு வராது, உன் பெயருக்குக் களங்கம் வராது. கட்டுரையை ஒழுங்குசெய்தவர் என்று என் பெயரைச் சேர்க்கச் செயலர் விரும்புகிறார். அதில் உனக்கு ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன். உனக்குக் கல்யாணமாகுமுன் பத்து வருஷம் அவனுக்கு வரைந்தவள் நான். அவன் அளவெடுக்கப் பழகியது என் கையைப் பார்த்துத்தான்.

உன் படம் அழகாக இருக்கிறது. அழகு வேறு.

ராஜலக்ஷ்மி


பாம்பன்
29 ஜூலை 1912

அக்காவுக்கு நமஸ்காரம்.

நினைவை நம்பாதே என்று எழுதியிருந்தீர்கள். சரி, நம்பவில்லை. அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். இதுவரை திறந்ததில்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரியும் என்பதால்தான்.

உங்கள் கடிதங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. தேதி வரிசையில், வருஷத்துக்கு ஒரு கட்டு. நான் பிறந்தகம் போயிருந்தபோது எழுதிய கடிதங்கள் நான்கோ ஐந்தோ இருக்க வேண்டும். ஒன்றுதான் அகப்பட்டது. அதில் சுறாப் பல் பொதிந்து வைத்திருந்தார். உட்கார்ந்து சிரித்தேன், அக்கா. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு வருஷம் உங்களோடு போட்டி போட்டேன். நீங்கள் அறியவே மாட்டீர்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அவர் உங்கள் சமையலைச் சொல்லிக் காட்ட மாட்டார். ஆனால் ஒரு மீன் கிடைத்தால், "ராஜிக்கு இதை உடனே எழுதணும்," என்பார். நான் பக்கத்தில் நிற்பேன். அதனால்தான் வரையக் கற்றுக்கொண்டேன். மீன் மேல் ஆசை வந்ததால் இல்லை. அந்த ஆசை பிறகு வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1910 மார்ச் 24ஆம் தேதி நீங்கள் அவருக்கு எழுதியதை எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்திருக்கிறேன்:

'ஏழாம் எண் நல்லபடி வந்து சேர்ந்தது. வால் மிக நீளம். பெரிய ஜாடி கைவசம் இல்லாததால், இருக்கும் ஜாடிக்குத் தக்கபடி சரி செய்துவிட்டேன். படம் கிடைத்தது.'

சரி செய்தேன் என்றால் என்ன செய்தீர்கள், அக்கா?

மூலம் என்னிடம் இருக்கிறது. செயலருக்கு அனுப்பலாம். இன்னும் அனுப்பவில்லை.

ஜலஜா


பாம்பன்
20 ஆகஸ்டு 1912

அக்காவுக்கு. மூன்று வாரமாகப் பதில் இல்லை. பாலம் கட்டும் வேலையால் இங்கே தபால் தாமதமாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கார்டு என்பதால் அதிகம் எழுதவில்லை. எனக்கு முன்னால் தபால்காரர் படிப்பார். அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை. நீங்களே சொல்லுங்கள். ஜலஜா.


கார்டன் ரீச்
12 செப்டம்பர் 1912

ஜலஜாவுக்கு,

நான்தான் வெட்டினேன்.

இந்த வரியை எழுத ஆறு வாரம் ஆயிற்று. ஜூலை முதல் தேதி எழுதிய கடிதத்தில், 'வெட்டப்பட்டிருக்கிறது' என்று எழுதினேன். அது நடந்ததை மறைக்க எழுதியது. மீனவர்கள் பேரில் பழியைச் சாய்த்ததும், நீ ஊகித்து வரைந்தாய் என்றதும் தெரிந்தே செய்தவை.

நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைக் கழகத்து ஜாடி அறையில் திறந்தேன். மீனின் மேல் ஒரு சீட்டு, அவன் எழுத்தில்: 'படம் ஜலஜா வரைந்தது. எப்படி இருக்கிறது பார்! இனி படங்களை அவளே வரைவாள். உன் கண்ணுக்கும் ஓய்வு.' அவன் அன்பாகத்தான் எழுதியிருந்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடி மாற்றிக்கொண்ட வருஷம். உன் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிழை தேடினேன். அரை மணி நேரம் தேடினேன். இல்லை. பல்லின் வரிசைகூடச் சரியாக இருந்தது.

பிறகு மீனை எடுத்தேன். வாழைநார் முடிச்சு நன்றாகப் போட்டிருந்தாய், அவிழவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. பெரிய ஜாடி மாடியில் இருந்தது. கைவசம் இல்லை என்று நான் எழுதியது பொய். சேவகன் ஹரிபதாவைக் கூப்பிட்டால் கொண்டுவந்திருப்பான். கூப்பிடவில்லை. கத்தியை எடுத்து, துடுப்புக்குப் பின்னால் சாய்வாக ஒரே வெட்டு. பார்க்காமல் வெட்டினேன். முள் இருந்ததா என்று எனக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஏறக்குறைய இருபது வருஷமாகப் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவள், அன்று பார்க்கவில்லை.

பொறாமை என்ற சொல்லை இதுவரை பிறரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதும்போது கை நிற்கிறது. உனக்கும் அது இருந்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. 'ராஜிக்கு எழுதணும்' என்று அவன் சொன்னான் என்றிருந்ததே, அதை மட்டும் நான்கு முறை படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

இத்தனை நாள் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெட்டிய வாலை ஹரிபதா எடுத்துப் போனது நினைவு வந்தது. அவன் மேதினிப்பூரில் உள்ள தன் ஊருக்குப் போயிருந்தான். நேற்று முன்தினம்தான் திரும்பினான். கேட்டேன்.

"அதுவா, மா? தூக்கிப் போட்டீர்களே என்று எடுத்துக்கொண்டேன். சங்கர் மாச் வாலைப்போலச் சாபுக் உண்டா? கிதிர்பூரில் கரீம் பக்ஷ் என்று ஒரு டிக்கா குதிரைவண்டிக்காரர், என் சிநேகிதர். அவர் கையில் இருக்கிறது. இரண்டு வருஷமாகக் கடுகெண்ணெய் குடித்துப் பாம்புபோல ஆகிவிட்டது!"

வால் இப்போது குதிரைச் சாட்டை. தடித்த அடிப்பக்கம்தான் கைப்பிடி. அதாவது முள் இருக்க வேண்டிய இடம். அதன்மேல் துணியும் பித்தளைக் கம்பியும் சுற்றியிருக்கிறதாம். நாளை காலை கிதிர்பூர் போகிறேன். பிற்பகல் மூன்று மணிக்குக் குழு. சாட்டை இல்லாவிட்டாலும் என் குற்றத்தைச் சொல்லிவிடுவேன். ஆனால் அதனால் உனக்குப் பயன் இல்லை. வெட்டியவள் நான் என்பதால் மட்டும் முள் இல்லை என்று ஆகிவிடாது.

முள்ளின் குழி தெரிந்தால் அதையும் சொல்வேன். அப்படித் தெரிய வேண்டும் என்று மனத்தின் ஒரு மூலை இன்னமும் ஆசைப்படுகிறது. இதை மறைத்தால் இந்தக் கடிதம் எழுதியதற்கே அர்த்தமில்லை. நாளை நடப்பதை எழுதிச் சேர்த்துத்தான் இதை அனுப்புவேன்.

13 செப்டம்பர், மாலை

ஒன்பது மணிக்கு வண்டி நிலையத்தில் கரீம் பக்ஷைக் கண்டேன். தாடிக்கு மருதாணி போட்ட பெரியவர். சாட்டையைக் கேட்டதும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இதால் நான் அடிக்கிறதே இல்லை, மேம்சாகிப். காட்டினால் போதும், குதிரைக்குப் புத்தி வந்துவிடும். இது போனால் என் பிழைப்பு போச்சு."

கைப்பிடியை மட்டும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் பல் வரிசை, முள், பாம்பன் எல்லாம் சொன்னேன். பக்கத்து வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் அவர், "அப்படியானால் பாம்பன் அம்மா சொன்னது நிஜமா பொய்யா என்பது என் கைக்குள் இருக்கிறது!" என்றார். என்னைவிட நன்றாகச் சுருக்கிவிட்டார். ஆனால் அவிழ்க்க ஒப்பவில்லை. பெரிய சாகிப்கள் முன்னால்தான் அவிழ்ப்பேன், பிறகு நானே கட்டிக்கொள்வேன் என்றார். மூன்று மணிக்கு அவர் வண்டியிலேயே கழகத்துக்குப் போனோம்.

குழுவில் ஐந்து பேர். கரீம் பக்ஷ் மேஜையின் ஓரத்தில் நின்று கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார். துணியை எடுத்தார். செயலர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நான் விரலால் தடவினேன்.

மேடு இல்லை. குழி இல்லை. ஆறிய தழும்பும் இல்லை.

ஜாடி மீனோடு வைத்துப் பார்த்தோம். வால் காய்ந்து சுருங்கியதால் அளவு ஒத்துவரவில்லை. வெட்டின் சாய்வு ஒத்துவந்தது. இவ்வளவு கோணலாக வெட்டியது யார் என்று செயலர் கேட்டார். நான் என்றேன். எதற்கு என்றார். பெரிய ஜாடியை எடுத்துவர மனம் இல்லாததால் என்றேன். ஐவரில் ஒருவர், ஒரே மீனை வைத்துப் புது இனம் என்று சொல்ல முடியாது என்றார். அது சரி. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இனத்துக்குப் பெயர் இல்லை. ஆனால் ஏழாம் எண் அட்டவணையில் நிற்கும், படமும் வரும் என்று தீர்மானமாயிற்று. என்னையே நிரப்பச் சொன்னார்கள். எழுதினேன்: 'பல் ஒற்றை வரிசை. முள் இல்லை. பாம்பன். பார்த்தவரும் வரைந்தவரும் ஜலஜா சந்தானம்.' ஒழுங்குசெய்தவர் பெயர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சொல்லி முடித்ததும் வேண்டும் என்று தோன்றியது. மாற்றிச் சொல்லவில்லை.

சாட்டையைக் கழகம் வைத்துக்கொண்டது. கரீம் பக்ஷ் செயலரோடு கால் மணி நேரம் வாதாடினார். கடைசியில், பாம்பன் அம்மாவின் சாட்சி என்பதால் விடுகிறேன் என்று விட்டுவிட்டார். கையில் ஒரு மூங்கில் குச்சியோடு என்னைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். குதிரை ஒருமுறை திரும்பிக் குச்சியைப் பார்த்தது. அதன்பின் அதன் இஷ்டம். விளக்குக் கம்பத்துக்கு ஒரு நிறுத்தம். கிதிர்பூர்ப் பாலத்தில் நின்றது நின்றதுதான். பின்னால் டிராம்காரன் மணி அடித்துத் தீர்த்துவிட்டான். நான் இறங்கி மீதி தூரத்தை நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

ராஜி